சோயா எப்ப பூக்கும், எப்ப முத்தும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரேசில் விவசாயம் பத்தி எழுதுறப்ப "வேலை செய்யாம போன ஒரு ஜீன்தான் அந்த நாட்டோட வெப்பமான பகுதிக்கு சோயாவைக் கொண்டு போச்சு"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் அவ்ளோ கேள்வி வந்திருக்கு. அதனால இந்த தடவை முழுசும் சோயா பூக்குறதும் முத்துறதும்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளச் சேர்த்திருக்கேன்.

கேள்வி: சார், பயிர்ப் பெருக்கம் எம்.எஸ்சி படிக்கிறேன். அமெரிக்காவோட மத்திய மேற்குப் பகுதி சோயா லைன் (ஒரே குணமா வர்ற மாதிரி தேர்ந்தெடுத்த விதை வகை) சிலத எங்க ஃபீல்டுல போட்டோம். ஒரு மாசம் முடியுறதுக்குள்ள பூ வந்துடுச்சு, செடி ஒரு சாண் உயரம்தான், காய விரல்விட்டு எண்ணிடலாம். அங்க அதே லைன் 120 நாள் நிக்குமாம். விதை மாறிப்போச்சோன்னு எல்லாருக்கும் சந்தேகம். (மாணவி, கோவை)

பதில்: விதை மாறலம்மா. சோயா குறும்பகல் பயிர், பகல் சுருங்கி ராத்திரி நீண்டா பூக்கும். இல்லினாய்ஸ் பக்கம் ஜூன் கடைசியில பகல் 15 மணி நேரம், கோவையில வருஷத்துலயே நீளமான பகல எடுத்தாலும் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். 15 மணி நேரப் பகல்ல நின்னு நிதானமா வளர்ந்து பூக்குறதுக்குன்னு தேர்ந்தெடுத்த லைன நீங்க முளைச்ச நாள்ல இருந்தே பன்னிரண்டரை மணி நேரப் பகல்ல வச்சா அதுக்கு "சீசன் முடியப்போகுது, சீக்கிரம் விதை போட்டுடணும்"னு தான் தகவல் போகுது, வளர்றதுக்கே டைம் இல்லாம பூத்துடும், அப்புறம் எங்க இருந்து காய் வரும்.

இத முதல்ல கண்டுபிடிச்ச கதையிலயே சோயா இருக்குங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வாஷிங்டன் பக்கத்துல அமெரிக்க விவசாயத் துறையில கார்னர், அல்லார்ட்னு ரெண்டு பேர். அவங்களுக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு மேரிலாண்ட் மம்மத்னு ஒரு புகையிலை, வயல்ல ஆள் உயரம் தாண்டி வளருமே தவிர கோடை முழுக்க பூக்காது. இன்னொண்ணு பிலாக்ஸின்னு ஒரு சோயா. அத மே மாசத்துல ஒரு பாத்தி, ஜூன்ல ஒரு பாத்தி, ஜூலையில ஒரு பாத்தின்னு தள்ளித் தள்ளி விதைச்சாலும் எல்லாம் செப்டம்பர் வாக்குல ஒண்ணா பூத்துச்சு. மே மாசம் போட்டது காத்துக்கிட்டே இருந்துச்சு, ஜூலையில போட்டது அவசரப்பட்டுச்சு. வெப்பம், ஈரம், உரம் எதுவும் காரணமாப் படல. 1918 ஜூலையில சில செடிகள சாயங்காலம் 4 மணிக்கு இருட்டு அறைக்குள்ள வச்சு மறுநாள் காலையில 9 மணிக்கு வெளிய எடுத்தாங்க, தினமும் இதே வேலை. இருட்டுக்குப் போன செடி பூத்துச்சு, வெளிய இருந்த செடி பூக்கல. 1920-ல கட்டுரை வந்துச்சு, தாவர அறிவியல்ல அதுக்கு முன்ன அதுக்குப் பின்னன்னு பிரிக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் அது. ஆனா நம்ம ஊர்ல அவரை போடுறவங்களுக்கு இதுல பாதி முன்னாடியே தெரியும், ஆடியில போட்ட நாட்டு அவரை கொடி ஏறி பந்தல் நிறைஞ்சு நின்னாலும் ராத்திரி நீளுற கார்த்திகை மார்கழி வராம பூக்காதுன்னு எந்தப் பாட்டியக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இதனாலதான் அமெரிக்காவுல சோயா ரகத்த நாள் கணக்குல சொல்ல மாட்டாங்க, மெச்சூரிட்டி குரூப்னு சொல்லுவாங்க. 000, 00, 0ன்னு தொடங்கி 1, 2, 3ன்னு 10 வரைக்கும் மொத்தம் 13 குரூப். 000 கனடாவுக்கு, 10 வெப்ப மண்டலத்துக்கு, நடுவுல ஒவ்வொரு குரூப்புக்கும் கிழக்கு மேற்கா ஒரு பட்டை மாதிரி நிலப்பரப்பு. ஒரு ரகத்த அதோட பட்டையில இருந்து தெற்க கொண்டு வந்தா சீக்கிரம் பூக்கும், வடக்க கொண்டு போனா பூக்க லேட்டாகி பனி விழுறதுக்குள்ள முத்தாது. உங்க தீசிஸ்ல அந்த லைனோட வயச எழுதுறப்ப பக்கத்துலயே விதைச்ச தேதியும் ஊரோட அட்சரேகையும் எழுதுங்க, அது இல்லாத "நாள்" ஒண்ணுக்கும் உதவாது. நான் இதச் சொல்லாத ஆள் கிடையாது, விதை பாக்கெட்லயும் இத அச்சடிக்கணும்னு சொல்லிட்டே இருக்கேன்.

கேள்வி: ஈ1, ஈ2ன்னு எழுதுறீங்களே, அது என்ன? பூக்குற நாள ஒரு ஜீன் முடிவு பண்ணுதா, பல ஜீனா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பல ஜீன், ஆனா எல்லாத்துக்கும் ஒரே பவர் கிடையாது. ஈ வரிசையில இப்ப 11 வரைக்கும் பேர் வச்சிருக்காங்க, கூடவே ஜேன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதப் பத்தி கீழ பிரேசில் கேள்வியில சொல்றேன். இதுல முதல் நாலுதான் உலகத்துல பெரும்பாலான ரகங்களோட வயச தீர்மானிக்குது, அந்த நாலுலயும் ஈ1தான் பெருசு.

ஈ1-ஐ பிரேக்னு நினைச்சுக்கோங்க. சோயாவுல பூக்கச் சொல்ற சிக்னல் எஃப்டி2ஏ, எஃப்டி5ஏன்னு ரெண்டு ஜீன்ல இருந்து வருது, இலையில உற்பத்தியாகி குருத்துக்குப் போகுது. பகல் நீளமா இருக்குறப்ப ஈ1 அந்த ரெண்டையும் அமுக்கி வச்சுக்கும். பகல் சுருங்கினா பிரேக்ல இருந்து கால் எடுக்குற மாதிரி ஈ1 அடங்கிடும், எஃப்டி ரெண்டும் கிளம்பும், பூ வரும். ஈ3, ஈ4 ரெண்டும் ஒளியப் பாக்குற ஃபைட்டோகுரோம் ஏ வகை ஜீனுங்க, "இன்னும் வெளிச்சம் இருக்கு"ன்னு ஈ1-க்கு தகவல் சொல்றது அதுங்கதான். ஈ2 செடியோட உள்கடிகாரத்தச் சேர்ந்தது, அது தனி வழியா எஃப்டி2ஏவ அமுக்கும். ஆக நாலுமே பூக்குறத தள்ளிப்போடுற ஜீன். அதுல எது எது உடைஞ்சிருக்கோ அந்த அளவுக்கு ரகம் முந்தும்.

இந்த ஜீன் பேர இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல (E) எழுதினா வேலை செய்யுற வடிவம், சின்ன எழுத்துன்னா (e) உடைஞ்ச வடிவம். உடைஞ்சதுலயும் தரம் இருக்கு, இதக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும். ஈ1-ல ஏ.எஸ்.ன்னு ஒரு சின்ன எழுத்து வடிவம் உண்டு, அந்தப் புரதத்துல 15-ஆவது இடத்துல ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்துல திரியோனின் உக்காந்திருக்கு, அவ்ளோதான் மாற்றம். அந்த ஒரு அமினோ அமிலம் மாறினதால புரதம் செல்லோட உட்கருவுக்குள்ள சரியா போய்ச் சேர முடியாம தடுமாறுது, பாதி வேலைதான் செய்யுது. ஜீனோம் முழுக்கப் படிக்கிறதுக்கு எடுத்துக்கிட்ட இல்லினாய்ஸ் ரகமான வில்லியம்ஸ் 82-ல இருக்குறது இந்த வடிவம்தான். முழுசா வேலை செஞ்சா இல்லினாய்ஸ்ல பனிக்கு முன்ன முத்தியிருக்காது, முழுசா உடைஞ்சிருந்தா அந்த நீளமான சீசன வீணாக்கிட்டு சீக்கிரமே முடிஞ்சிருக்கும். பாதி உடைஞ்சது அந்த ஊருக்கு அளவெடுத்த மாதிரி அமைஞ்சிருக்கு.

ஈ4-ல இன்னொரு கதை. வட ஜப்பான் நாட்டு ரகங்கள்ல, ஜீனோம்ல ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுற டிஎன்ஏ துண்டு ஒண்ணு போய் ஈ4-ஓட முதல் பகுதிக்குள்ள நுழைஞ்சு படுத்துக்கிச்சு, ஜீன் செத்துப்போச்சு. அப்படிப்பட்ட செடிதான் வடக்க குளிர் வர்றதுக்குள்ள முத்துச்சு, அங்க இருந்த விவசாயிங்க எந்த ஜீனும் தெரியாம அந்த விதையத்தான் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வச்சாங்க.

எனக்கு உண்மையிலேயே கை எடுத்துக் கும்பிடத் தோணுறது 1971-ல இதச் செஞ்சவங்கள. இல்லினாய்ஸ் அர்பானாவுல பெர்னார்ட் ஈ1, ஈ2-வ அடையாளம் காட்டினார், கனடாவுல ஹாரோங்கற ஊர்ல பஸல் ஈ3-ய காட்டினார், 1980-ல பஸலும் வோல்டெங்கும் சேர்ந்து ஈ4. ஜீன் இருக்குற இடத்தக் காட்டுற டிஎன்ஏ மார்க்கர் எதுவும் அப்ப கிடையாது. கிராஸ் பண்ணி, அடுத்த தலைமுறையில ஒவ்வொரு செடியா நின்னு முதல் பூ வந்த தேதிய நோட்டுல எழுதி, எத்தன செடி முந்துது எத்தன பிந்துதுன்னு விகிதம் பாத்தே ஜீன் இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் பொறுமையா பேக்கிராஸ் பண்ணி (பிறந்த செடிய பெத்த ரகத்தோடயே திரும்பத் திரும்ப கிராஸ் பண்றது), மத்ததெல்லாம் ஒண்ணா இருந்து ஈ ஜீன் மட்டும் மாறுற ஜோடி லைன்கள உண்டாக்கி வச்சாங்க. டிஎன்ஏ அளவுல ஈ4 எந்த ஜீன்னு தெரிஞ்சது 2008-ல, ஈ3 2009-ல, ஈ2 2011-ல, ஈ1 2012-ல. நாப்பது வருஷம் கழிச்சு வந்தவங்க அந்த லைன்கள வச்சுத்தான் இடத்தச் சரியாப் பிடிச்சாங்க. இன்னொண்ணும் தெரிஞ்சது, ஈ1 மாதிரி ஜீன் பயறு வகைக் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தம், நெல்லுலயோ கடுகு குடும்பத்துலயோ தேடினா கிடைக்காது.

கேள்வி: ஒன்டாரியோவுல இருக்கோம். செப்டம்பர் கடைசியில கார்ல போறப்ப பாத்தேன், சோயா வயல் முழுக்க பழுத்து இலை கொட்டிக் கிடக்குது, ரோட்டோர லைட் கம்பத்துக்குக் கீழ மட்டும் வட்டமா பச்சையா நிக்குது. மருந்து ஏதும் தெளிச்சதா? (வாசகர், டொரோண்டோ)

பதில்: மருந்து எல்லாம் இல்ல, லைட்டேதான். நல்லாக் கவனிச்சிருக்கீங்க. சோயா உண்மையில அளக்குறது பகல இல்ல, இடைவிடாத இருட்ட. நடு ராத்திரியில கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே அந்த நீண்ட ராத்திரி ரெண்டா உடைஞ்ச கணக்கு ஆயிடும், பூ தள்ளிப்போகும். வாஷிங்டன் பக்கத்துல பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்துல பிலாக்ஸி சோயாவ வச்சே 1940-கள்ல எந்த நிற வெளிச்சம் ராத்திரிய உடைக்குதுன்னு சோதிச்சாங்க, சிவப்புன்னு தெரிஞ்சது, அந்த வழியில போய்த்தான் 1959-ல ஃபைட்டோகுரோமப் பிடிச்சாங்க. கம்பத்தடியில நிக்கிற செடிக்கு ராத்திரியே வர்றதில்ல, அதனால ஈ1 அடங்கல, செடி இன்னும் ஜூன்லயே இருக்கு. அறுவடை மெஷின் அந்த இடத்துக்கு வர்றப்ப பச்சைத் தண்டு சிக்கும், பச்சை மணி மத்த விதையோட கலந்து விலையக் குறைக்கும், சின்ன வட்டம்னாலும் அங்க விவசாயிக்கு எரிச்சலான விஷயம்தான்.

அதே கனடாவுல மேற்க மானிடோபா பக்கம் போனா இது குறைச்சலாத் தெரியும். வின்னிபெக்ல நீளமான பகல் 16 மணி நேரத்துக்கு மேல, அங்க பகல் நீளத்தப் பாத்துக்கிட்டு நின்ன ரகம் பிழைக்காது, அதனால ஈ1, ஈ3, ஈ4 எல்லாத்துலயும் உடைஞ்ச வடிவங்களச் சேர்த்துத்தான் 000, 00 குரூப் ரகங்கள உண்டாக்கினாங்க. அந்த வேலைக்கு ஸ்வீடன்ல இருந்து வந்த ஃபிஸ்கிபி லைன்கள் பெரிய உதவி, ஒட்டாவாவுல வோல்டெங் குழு கொண்டு வந்த மேப்பிள் வரிசை ரகங்கள் வடக்கு எல்லைய நகர்த்துச்சு.

கேள்வி: பகல் குட்டையான ஊர்ல சோயா குட்டையாயிடும்னா பிரேசில் எப்படி உலகத்துலயே முதல் இடத்துக்கு வந்துச்சு? உடைஞ்ச ஜீனால எப்படி நல்லது நடக்கும்? (வாசகர், சென்னை, இதே கேள்விய இன்னும் பல ஊர்ல இருந்து)

பதில்: இதுக்கு விளக்கமாவே சொல்லணும். 1960-கள்ல பிரேசில்ல சோயா இருந்தது தெக்க, ரியோ கிராண்டி டோ சுல் பக்கம். அது 30 டிகிரி தெற்கு, அமெரிக்கத் தென் மாநிலங்களோட அட்சரேகைக்கு கிட்டத்தட்ட கண்ணாடி பிம்பம், அதனால அமெரிக்க ரகமே அங்க ஓடுச்சு. ஆனா நாட்டு நடுவுல செராடோன்னு பரந்த புல்வெளி காலியாக் கிடந்தது, மாட்டோ குரோஸோ மாதிரி மாநிலங்கள், 12-ல இருந்து 15 டிகிரி. அங்க அந்த ரகத்தப் போட்டா மேல கோவை மாணவி சொன்ன அதே கதைதான், முழங்கால் எட்டாத செடி, காய் தரையோட ஒட்டி, மெஷின் வெட்ட முடியாது.

மிசிசிப்பியில ஸ்டோன்வில்ங்கற ஊர்ல ஹார்ட்விக்னு பெரிய சோயா பிரீடர். அவரும், அவர்கிட்ட படிக்க வந்த பிரேசில்காரர் ரோமியூ கீலும் சேர்ந்து குறும்பகல்லயும் பூக்க அவசரப்படாத செடி ஏதாவது இருக்கான்னு உலகச் சேகரிப்புல தேடினாங்க. பி.ஐ. 159925ன்னு நம்பர் போட்ட ஒரு லைன், பெரு நாட்டுல இருந்து வந்தது, அது நின்னுச்சு. பகல் குட்டையா இருந்தாலும் முதல்ல உடம்ப வளர்த்துக்கிட்டு அப்புறம்தான் பூத்துச்சு. இத நீண்ட இளமைப் பருவம்னு சொல்லுவாங்க. 1979-ல கட்டுரை வந்துச்சு. கீல் ஊருக்குத் திரும்பி அந்தக் குணத்த பிரேசில் ரகங்களுக்குள்ள கொண்டு வந்தார், லோண்ட்ரினாவுல எம்ப்ராபாங்கற பிரேசில் அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்ச சோயா மையம் அந்த வேலைய வருஷக்கணக்கா நடத்துச்சு. ஒரு ஆள், ஒரு லைன்னு கதைய முடிச்சுடக் கூடாது, செராடோ மண்ணு புளிப்பு, அலுமினியம் விஷம் வேற, டன் டன்னா சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் போட்டுத்தான் மண்ண சரிபண்ணாங்க, காத்துல இருக்குற தழைச்சத்த வேர்ல பிடிச்சுக் குடுக்குற ரைசோபியம் பாக்டீரியா கல்ச்சர் இல்லன்னா தழைச்சத்துச் செலவு தாங்கியிருக்காது. ஆனா இதெல்லாம் செஞ்சும் செடி ஒரு சாண்ல பூத்துட்டா என்ன பிரயோஜனம், அதனாலதான் அந்த ஜீனுக்கு நான் முதல் மரியாதை தர்றேன்.

அந்த ஜீனுக்கு ஜேன்னு பேர் வச்சது 1995-ல. அது உள்ள என்ன செய்யுதுங்கறது வெளிய வந்தது 2017-ல, சீனக் குழுக்கள் கண்டுபிடிச்சாங்க. ஜே செடியோட உள்கடிகாரத்துல ராத்திரி வேலை பாக்குற இ.எல்.எஃப்.3 ங்கற ஜீனோட சோயா வடிவம். ராத்திரி நீளமா இருந்தா ஜே புரதம் போய் ஈ1-ஓட வாசல்ல உக்காந்து அத எழவிடாது. அதாவது குறும்பகல்ல ஈ1 அடங்குறதே ஜே அடக்குறதாலதான். இப்ப ஜே உடைஞ்சா? அடக்க ஆள் இல்ல, ராத்திரி எவ்ளோ நீளமா இருந்தாலும் ஈ1 கொஞ்சம் விழிச்சே இருக்கும், எஃப்டிய அமுக்கும், பூ தள்ளிப்போகும். செடி கணு மேல கணு போட்டு உயரமாகும், ஒவ்வொரு கணுலயும் காய் வரும். குறும்பகல்ல உடைஞ்ச ஜே இருக்குற செடி 30-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் கூடுதலா விளைஞ்சதா அந்த ஆராய்ச்சி சொல்லுது. பிரேசில்ல தனியா ஈ6ன்னு பேர் வச்சிருந்த ஜீன் கூட கடைசியில பாத்தா இதே ஜேதான்னு பின்னாடி தெரிஞ்சது.

இதுல இன்னொண்ணயும் கவனிங்க. உடைஞ்ச ஜே பிரயோஜனப்படணும்னா ஈ1 நல்லா இருக்கணும். ஈ1 முழுசா உடைஞ்ச வடக்கு லைன்ல போய் உடைஞ்ச ஜேவ ஏத்தினா பெருசா ஒண்ணும் நடக்காது, அமுக்குற கையே இல்லையே. வடக்க போன சோயாவுல ஈ ஜீன் உடைஞ்சிருக்கு, பூமத்திய ரேகைப் பக்கம் போன சோயாவுல ஜே உடைஞ்சிருக்கு, ஒரே பாதையோட ரெண்டு முனை. 2022-23 பருவத்துல பிரேசில் 15 கோடி டன்னுக்கு மேல சோயா எடுத்துச்சு.

இப்ப அங்க காத்து மறுபடி திரும்பியிருக்கு. மாட்டோ குரோஸோவுல அக்டோபர் வாக்குல சோயா விதைச்சு ஜனவரி பிப்ரவரியில அறுத்துட்டு, அதே ஈரத்துல ரெண்டாவதா மக்காச்சோளம் போடுறாங்க. அதனால லேட்டா முத்துற ரகம் வேண்டாம், செடி உயரமாவும் இருக்கணும் ஆனா நூறு நூத்திப்பத்து நாள்ல வயல காலி பண்ணவும் வேணும்ங்கறாங்க. பூத்தப்புறமும் நுனி வளர்ற டிடி1 வகைகள அதுக்காகத்தான் நிறைய இறக்குறாங்க.

கேள்வி: பூ சீக்கிரம் வந்தா முத்துறதும் சீக்கிரம்தானே, ரெண்டையும் ஏன் தனித்தனியா எழுதுறீங்க? (வாசகர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் கூடவே போகும், ஆனா கட்டாயம் இல்ல. முதல் பூவுக்கு ஆர்1, காய்ல மணி பிடிக்கத் தொடங்குறது ஆர்5, நூத்துக்கு 95 காய் பழுத்த நிறத்துக்கு வந்தா ஆர்8ன்னு கணக்கு, 1977-ல ஃபேர், கேவினெஸ் ரெண்டு பேரும் போட்ட அளவுகோல், இன்னிக்கும் அதுதான். பூத்ததுக்கு அப்புறமும் செடி ராத்திரிய அளந்துக்கிட்டேதான் இருக்கும், ராத்திரி குட்டையா இருந்தா மணி பிடிக்கிற காலம் நீளும். ஒரே நாள்ல பூத்த ரெண்டு ரகம் பத்து பன்னிரண்டு நாள் வித்தியாசத்துல முத்துறத சாதாரணமாப் பாக்கலாம். மொத்த வயச கூட்டாம பூ முதல் முத்துற வரைக்கும் உள்ள இடைவெளிய மட்டும் கூட்ட முடிஞ்சா விளைச்சல் கூடும், நல்ல பிரீடர் கண்ணு அங்கதான் இருக்கும்.

கேள்வி: ஒண்ணு 30 நாள்ல பூக்குது, ஒண்ணு 55 நாள்ல பூக்குது. இத ரெண்டையும் எப்படித்தான் கிராஸ் பண்றாங்க? (ஆராய்ச்சி மாணவர், மதுரை)

பதில்: முந்துற ரகத்த வாராவாரம் தள்ளித் தள்ளி விதைக்கிறது ஒரு வழி, எப்பவும் ஏதாவது ஒரு வரிசையில பூ இருக்கும். பிந்துற ரகத்த சாயங்காலம் கருப்புத் துணி போட்டு மூடி ராத்திரிய நீட்டிப் பூக்க வைக்கிறது இன்னொண்ணு. முந்துற ரகத்துக்கு பல்பு போட்டு நிறுத்தி வைக்கவும் செய்யலாம், ஆனா அதுல ஈ3, ஈ4 உடைஞ்சிருந்தா பல்புக்கு அசையாது.

கிராஸ் பண்றது கண்ணுக்கு வேலை. பூ ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, விரியுறதுக்கு முன்னாடியே தன் மகரந்தம் தன் சூல்முடியில கொட்டிடும், அதனால நாளைக்கு விரியப்போற மொட்டத்தான் பிடிக்கணும். இடுக்கியால வெளி இதழக் கிள்ளி, உள் இதழ் எல்லாத்தையும் ஒரே இழுப்புல உருவி, சூல்முடி நசுங்காம அப்பாவா வர்ற பூவோட மகரந்தத்தத் தொட்டு வைக்கணும். நல்ல கை இருந்தாலும் பாதி உதிரும். பக்கத்துல இருக்குற மத்த மொட்டையெல்லாம் அப்பவே கிள்ளிடுங்க, இல்லன்னா எது கிராஸ் காய்னு தெரியாது. அம்மாவ வெள்ளைப் பூ ரகமாவும் அப்பாவ ஊதாப் பூ ரகமாவும் வச்சா, அடுத்த தலைமுறைச் செடி ஊதாவா பூத்தா கிராஸ் சரி.

கேள்வி: இந்தூர்ல வேலை பாக்குறேன். எங்க ஹவுஸ் ஓனருக்கு நிலம் இருக்கு. ஜே.எஸ். 335 நல்லதா, ஜே.எஸ். 95-60 நல்லதான்னு தினமும் விவாதம். ஏன் எல்லாரும் குறைஞ்ச வயசு ரகத்துக்கு ஓடுறாங்க? (வாசகர், இந்தூர்)

பதில்: ரெண்டும் ஜபல்பூர் பல்கலைக்கழக ரகம். 335 தொண்ணூத்தஞ்சு நூறு நாள் எடுக்கும், ரொம்ப வருஷம் மத்தியப் பிரதேசத்தையே ஆண்ட ரகம். 95-60 எண்பத்தஞ்சு நாள் வாக்குல முடியும். மழை செப்டம்பர்ல சீக்கிரம் நின்னா 335-க்கு மணி பிடிக்கிற நேரத்துல ஈரம் இல்லாமப் போகும், 95-60 தப்பிச்சுடும், அதோட கோதுமைக்கோ கொண்டைக்கடலைக்கோ பூண்டுக்கோ வயல் சீக்கிரம் கிடைக்கும். மழை நல்லா நீண்ட வருஷத்துல 335 ஜெயிக்கும், காய்க்க கூடுதல் நாள் இருக்குல்ல. அவர்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க, மழை தாமதமாகி ஜூலை பாதியில விதைச்சா பாக்கெட்ல போட்ட நாள் சுருங்கிடும், இந்தூர்ல ஜூன்ல பதிமூன்றரை மணி நேரமா இருந்த பகல் அதுக்கப்புறம் குறைஞ்சுக்கிட்டேதான் வருது. அப்ப செடி சிறுசாத்தான் நிக்கும், அதனால வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர்னு விடாம 30-ஆ நெருக்கி விதைக்கச் சொல்லுங்க.

கேள்வி: உடைஞ்ச ஜீன்னு சொல்றீங்களே, இது ஜி.எம். (மரபணு மாற்றின) சோயாவா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லங்க. மேல சொன்ன ஈ, ஜே எல்லாமே இயற்கையா உடைஞ்சு விவசாயி கையிலயும் விதைச் சேகரிப்புலயும் இருந்த வடிவங்க, கிராஸ் பண்ணித்தான் சேர்த்தாங்க. பிரேசில்ல விக்கிற பெரும்பாலான விதையில களைக்கொல்லி தாங்குற ஜி.எம். குணம் இருக்கு, அது வேற சமாச்சாரம். ஜீன் எடிட்டிங் பண்ணி எஃப்டி2ஏ, எஃப்டி5ஏ ரெண்டையும் உடைச்சு சீனாவுல பாத்திருக்காங்க, குறும்பகல்ல பூ ஒரு மாசம் தள்ளிப்போய் காய் கூடியிருக்கு. வெப்ப மண்டலத்துக்கு அது நல்ல வழின்னு நான் நம்புறேன்.

கேள்வி: சார், ப்ளஸ் டூ படிக்கிறேன். இத வீட்ல செஞ்சு பாக்க முடியுமா? (மாணவர், நாமக்கல்)

பதில்: தாராளமா முடியும் தம்பி. ஒரே ரக சோயா விதை, மூணு தொட்டி, தொட்டிக்கு அஞ்சு செடி. ஒண்ணு மொட்டை மாடியில சும்மா இருக்கட்டும், ஆனா பல்பு வெளிச்சம் படாத இடமா பாரு. ரெண்டாவதுக்கு சாயங்காலம் ஆறு மணியில இருந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பு, டைமர் போட்டுக்கோ. மூணாவதுக்கு அதே நேரம் பழைய குண்டு பல்பு, இலை கருகாத தூரத்துல. ஒண்ணோட வெளிச்சம் இன்னொண்ணு மேல படக் கூடாது, நடுவுல அட்டையோ துணியோ மறைப்பு வை.

ஏன் ரெண்டு வகை பல்புன்னா, வெள்ளை எல்.இ.டி.யில தூரச் சிவப்பு (ஃபார் ரெட், சிவப்பையும் தாண்டி கண்ணுக்குச் சரியாத் தெரியாத) வெளிச்சம் கிட்டத்தட்ட கிடையாது, குண்டு பல்புல அது நிறைய. ஈ3 முதல் வகை வெளிச்சத்துல வேலை செய்யும், ஈ4 ரெண்டாவது வகையிலயும் தாக்குப்பிடிக்கும். 1971-ல பஸல் ஈ3-யக் கண்டுபிடிச்சதே ட்யூப்லைட் வெளிச்சத்துல பகல 20 மணி நேரமா நீட்டித்தான். உன் எல்.இ.டி. தொட்டி மாடித் தொட்டியோட சேர்ந்தே பூத்து, குண்டு பல்புத் தொட்டி மட்டும் பூக்காம நின்னா அந்த ரகத்துல ஈ3 உடைஞ்சிருக்கலாம். ரெண்டு பல்புத் தொட்டியும் பூக்காம நின்னா ஈ3 நல்லா இருக்கு. மூணும் ஒரே வாரத்துல பூத்தா அந்த ரகம் பகல் நீளத்தக் கண்டுக்காத ரகம், வேற ரக விதை வாங்கி மறுபடி போடு. தினமும் காலையில பாத்து ஒவ்வொரு செடிக்கும் முதல் பூ வந்த தேதிய தனித்தனியா எழுது, சராசரி எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். விதை வாங்குறப்ப ரகத்தோட பேர் பாக்கெட்ல இருக்கான்னு பாத்து வாங்கு, கடையில சமைக்க விக்கிற சோயாவுல ரகம் என்னன்னு தெரியாது. தேதிகளோட எழுதி அனுப்பு, அடுத்த தடவை அதையே வச்சுப் பேசலாம்.